மின்வட இலை ஊதி: பேராக் இல்லங்களுக்கேற்ற தேர்வு

இலை ஊதி என்பது, உறைக்குள் அமைந்த விசிறிச் சக்கரம் ஒன்றை மோட்டாரினால் மிகுந்த வேகத்துடன் சுழலச் செய்து, அதனால் எழும் காற்றைக் குழல் வழியே வெளியேற்றி, தரையில் உதிர்ந்து கிடக்கும் இலை, சருகு, பூ, தூசி ஆகியவற்றை ஓரிடத்தில் ஒதுக்கப் பயன்படும் கைக்கருவியாகும். பெட்ரோல், பேட்டரி, மின்வடம் என்னும் மூவகையாலும் இது இயங்கும். மலேசியத் தமிழர் இதனைப் புளோவர் என்றே வழங்குவர். சுவர்ப் பிளக்கிலிருந்து வடம் இழுத்து இயக்கும் வகையை, ஈப்போ நகரிலும், முன்னர் ரப்பர்த் தோட்டங்களாயிருந்து பின்னர்க் குடியிருப்புகளாகிவிட்ட பேராக் மாநிலத்துப் பிற இடங்களிலும் வாழும் இல்லத்தாரின் தேவையை முன்னிட்டு இக்கட்டுரை விவரிக்கின்றது.

இலையும் பருவமும்

இக்கருவியை வாங்க முற்படுவோர் முதற்கண் எண்ணிப் பார்க்க வேண்டியவை, தம் முற்றத்தில் விழும் இலை எத்தகையது, அது எப்பருவத்தில் விழுகின்றது என்னும் இரண்டுமேயாகும்.

1877-ஆம் ஆண்டில், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் அவ்வூரில் பெருமரமாய் நிற்கின்றது. அடுத்த அரை நூற்றாண்டில் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பேங், தாப்பா, பீடோர் என விரிந்து பரந்த தோட்டங்கள், பிற்காலத்தில் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், தாமான் எனப்படும் குடியிருப்புகளாக எழுந்தும் உருமாறிப் போயின. 

தோட்டம் மறைந்த பின்னும் வேலியோரங்களிலும் எல்லைக் காடுகளிலும் தப்பி நிற்கும் பால் மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்கள், வெப்பமண்டலத்து விருட்சங்களாயினும், ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழை குன்றிய காலத்தில், இலை முழுவதையும் உதிர்த்துப் புதுத் தளிர் விடும் சுபாவமுடையவை. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. காய்ந்தபின் சிற்றிலைகள் காம்பை விட்டுப் பிரிந்து, விளிம்பு சுருண்டு, சிறு காற்றுக்கும் எழும்பும் சருகாகிவிடுகின்றன; நீண்ட காம்போ தரையோடு ஒட்டிக் கிடந்து சிமெண்டுப் பிளவுகளில் சிக்கிக்கொள்கின்றது. சருகை எவ்வகை ஊதியும் ஓட்டும். காம்பை ஓட்ட வல்லதே நல்ல ஊதி. காய் வெடித்துச் சிதறும் விதைகள் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின் அவ்விதை போன்றே புள்ளியும் வரியும் கொண்டு, ஆனால் அதனினும் பன்மடங்கு பெரியனவாய், கடின ஓட்டுடன் அமைந்தவை. இவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ஈப்போ நகரத்து வீடுகளிலோ மா, ரம்புத்தான், பலா ஆகியவற்றின் தடித்த இலைகள் ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக விழுந்துகொண்டேயிருக்கும். இங்கு ஆண்டில் பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதில் பெரும்பகுதி பிற்பகல் இடிமழையாக இறங்குவது. நனைந்த மாவிலை தரையில் அப்பிக்கொண்டால் அதனை எழுப்ப மின் ஊதியால் எளிதில் இயலாது. அதற்கு ஈர்க்குமாறே சாதனம். ஆகவே காலைப் பனி உலர்ந்ததற்கும் பிற்பகல் மேகம் திரள்வதற்கும் இடைப்பட்ட வேளையே மின்வட ஊதிக்கு உரிய வேளை என்பதையும், ஊதி வாங்கியவர் ஈர்க்குமாற்றைத் தள்ளிவிட முடியாது என்பதையும் முன்னரே உணர்ந்துகொள்ளுதல் நன்று.

காற்றின் அளவும் வேகமும்

கடைகளில் இக்கருவியின் பெட்டி மீது பெரிய எழுத்தில் அச்சிடப்படுவன வாட் அளவும், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் காற்று வேகமுமேயாகும். இவ்விரண்டையும் மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாற்றமடைய நேரிடுகின்றது. வாட் என்பது கருவி உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது வெளியிடும் காற்றின் ஆற்றலன்று. வேகமோ, குழலின் வாயைச் சுருக்கினால் எளிதில் உயர்த்திக் காட்டத்தக்கது. இலையை நகர்த்தும் உந்துவிசை, ஒரு நொடியில் வெளிப்படும் காற்றின் நிறையை அதன் வேகத்தால் பெருக்க வருவதாகும். இதனை நியூட்டன் என்னும் அலகில் குறிப்பர்.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். நிமிஷத்திற்கு 4 கன மீட்டர் காற்றை நொடிக்கு 75 மீட்டர் வேகத்தில் செலுத்தும் கருவியொன்றும், நிமிஷத்திற்கு 12 கன மீட்டர் காற்றை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செலுத்தும் கருவியொன்றும் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். முன்னதன் பெட்டியில் மணிக்கு 270 கிலோமீட்டர் என்றும், பின்னதன் பெட்டியில் 180 கிலோமீட்டர் என்றும் இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோகிராம் எனக் கொண்டு கணக்கிட்டால், முன்னதன் உந்துவிசை 6 நியூட்டன், பின்னதன் உந்துவிசை 12 நியூட்டன் என முடியும். வேகம் குறைந்ததாகத் தோன்றிய கருவியே இருமடங்கு வேலை செய்வதாகின்றது. குறுகிய வேகக் காற்று ஓர் இலையைத் துரத்தும். அகன்ற காற்றோ குவியலையே நகர்த்தும். எனினும் சிமெண்டுப் பிளவிலுள்ள காம்பையும், லோங்காங் எனப்படும் வீட்டோரச் சாக்கடையின் இரும்புச் சட்டத்தில் சிக்கிய சருகையும் பெயர்த்தெடுக்க வேகமும் தேவைப்படுவதால், குழல் முனையில் சப்பை வாயொன்றைப் பொருத்தவும் கழற்றவும் வசதியுள்ள கருவியை நாடுதல் தகும்.

மலேசிய ஹார்ட்வேர் கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் 600 வாட் அளவிலான சிறு ஊதிகள், தச்சுப் பட்டறையின் மரத்தூளையும் யந்திரங்களின் தூசியையும் நீக்குவதற்கென ஏற்பட்டவை. டெரஸ் வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு, அதாவது இருபதடி அகல மனையின் முன்புறத்துக்கு, அவையே போதும். இதற்கு மேற்பட்டதை அவ்வீட்டார் வாங்குவது வீண் செலவென்றே கருதுகின்றோம். மூலைவீடு, பங்களா வீடு, மரங்கள் அடர்ந்த பழைய மனை ஆகியவற்றுக்கே 1,500 முதல் 3,000 வாட் வரையிலான தோட்ட ஊதி பொருந்தும். சுவர்ப் பிளக்கிலிருந்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் விரியும் நிலமுடையோர் மின்வட வகையை நாடாதிருத்தலே நலம். அவர்களுக்குப் பேட்டரி வகை ஏற்றது. பெட்ரோல் வகையோ புகையாலும் இரைச்சலாலும் உலகின் பல பகுதிகளில் வெறுக்கப்பட்டு வருகின்றது. காலிபோர்னியாவின் கார்மெல் நகரம் 1975-இலேயே அதனைத் தடை செய்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் அது விலக்கப்பட்டது.

வடம்

இக்கருவியின் நன்மை தீமைகளுள் பெரும்பாலானவை வடத்தைச் சார்ந்தே அமைகின்றன. பேட்டரி தீர்ந்துவிடுமென்னும் கவலையின்றி, எடை குறைவாய், விலையும் குறைவாய் இருப்பது அதன் நன்மை. ஆயினும் கருவியை ஆராய்ந்து வாங்குவோர் பலர் வடத்தை ஆராய்வதில்லை, இதுவே பெருங்குறை.

1930-இல் பேராக் ஆற்றின் செண்டரோ அணையிலிருந்து எழுந்த நீர்மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை இயக்கிய காலத்தும், அதன் பின்னர் வெகுகாலமும், தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்சாரம் பரவிய பின் கட்டப்பட்ட தாமான் வீடுகளிலும் வெளிப்புறப் பிளக் என்பது அரிதாகவே காணப்படுகின்றது. ஆகவே கூடத்திலிருந்து ஜன்னல் வழியாகவோ கதவிடுக்கு வழியாகவோ நீட்டுவடத்தை இழுப்பதே வழக்கமாயிற்று. இவ்வடம் எவ்வளவு தடிப்புடையது என்பதே இங்கு முக்கியப் பிரச்சினை. 230 வோல்ட் மின்சாரத்தில் 2,300 வாட் ஊதி 10 ஆம்பியர் இழுக்கும். ஐம்பது மீட்டர் நீளமும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் உடைய வடத்தில் அம்மின்னோட்டம் சென்றால் ஏறத்தாழ 12 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும், 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 23 வோல்ட், அஃதாவது பத்தில் ஒரு பங்கு. ஊதி வலுக்குன்றுவதோடு, இழந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி வடத்தைச் சுடச்செய்கின்றது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் விற்கப்படும் மெல்லிய நீட்டுவடம் இவ்வேலைக்குச் சிறிதும் தகாது. உருளையில் சுற்றிய வடத்தை முழுதும் பிரித்துவிட்டே உபயோகிக்க வேண்டும். சுற்றியபடியே இயக்கினால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்சுற்றுகளின் உறை உருகும் அபாயமுண்டு.

மலேசியாவின் மூன்று முனைப் பிளக்கில் 13 ஆம்பியருக்கு மேற்படாத ஃபியூஸ் அமைந்திருத்தலின் ஏறத்தாழ 3,000 வாட்டே இதற்கு மேல்வரம்பு. கருவியிலும் வடத்திலும் சிரிம் எனப்படும் மலேசியத் தர முத்திரை இருத்தல் வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் என்னும் குறி, கருவி இரட்டைக் காப்புடையது என்பதைக் காட்டும். 1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள், கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி காப்பு வேண்டுமென விதிக்கின்றன. பழைய வீடுகளில் வீட்டுக்கு முழுவதுமாக 100 மில்லி ஆம்பியர்க் காப்பு ஒன்றே இருப்பது காணப்படுகின்றது. மனித உயிரைக் காக்க அது போதாது. அத்தகைய வீட்டார், ஊதியின் விலையில் சிறிது குறைத்தேனும், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வெளிச்சுவரில் மூடியுடைய பிளக் ஒன்றும் 30 மில்லி ஆம்பியர்க் காப்பு ஒன்றும் அமைத்துக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகின்றோம்.

உறிஞ்சும் வசதி

சில மின்வட ஊதிகள் காற்றின் திசையை மாற்றி, இலையை உறிஞ்சி, விசிறிச் சக்கரத்தால் நறுக்கிப் பையில் சேர்க்கும். மலேசியாவில் திறந்தவெளியில் குப்பை எரித்தல் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளமையின், வாசலில் சருகைக் கூட்டித் தீயிடும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக இவ்வசதி விரும்பப்படுகின்றது. நறுக்கிய சருகு வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விரைவில் மக்கும் எருவாகும். எனினும் ரப்பர் விதை உதிரும் இடங்களில் இதனை இயக்குதல் கூடாது. கடின ஓடுடைய விதை பிளாஸ்டிக் சக்கரத்தின் இதழை உடைத்துவிடும்; உலோகச் சக்கரமுள்ள கருவியை வாங்கினாலும் விதைகளை முன்னதாகப் பொறுக்கி நீக்குவதே முறை. ஈர இலை குழலை அடைத்துக்கொள்ளும்.

ஊதிய சருகை லோங்காங்குக்குள் தள்ளிவிடுவோர் உளர். அடைபட்ட நீரில் ஏடிஸ் கொசு பெருகி, டெங்கிக் காய்ச்சல் பரவக் காரணமாகுமாதலின் இது அண்டை வீட்டாருக்கு இழைக்கும் பெருந்தீங்காகும். சுவரோ வேலியோ உள்ள மூலையை நோக்கி, காற்று வீசும் திசையிலேயே ஒதுக்கி, குவியலைப் பையிலிடுவதே பொறுப்புடையோர் செயல். கண்ணாடியும் காதடைப்பானும் அணிதல் அவசியம்.

பராமரிப்பு

இவ்வகைக் கருவிகளுள் பெரும்பாலானவற்றின் மோட்டாரில் கார்பன் பிரஷ் இரண்டு உண்டு. அவை தேய்ந்தால் காற்றுத் துவாரத்தில் மிகுந்த பொறியும் கருகிய நாற்றமும் தோன்றும். அவற்றை வெளியிலிருந்தே திருகாணி கழற்றி மாற்றத்தக்க அமைப்பும், ஈப்போக் கடைகளில் மாற்று பிரஷ் கிடைக்கும் என்ற உறுதியும் இருந்தால் ஒரே கருவி பல்லாண்டு உழைக்கும். பெயரறியாத மலிவுக் கருவிகளில் இவ்விரண்டும் இராமையால், பிரஷ் தேய்ந்த நாளே கருவியின் இறுதி நாளாகின்றது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதற்குரிய பிரஷின் எண்ணைக் கேட்டு, ஒரு ஜோடியைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.