கரியமில வாயு மூல விவாதம்

வளிமண்டலத்தில் பெருகிவரும் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது, பூமியின் வெப்பநிலையை அது எவ்வளவு மாற்றுகிறது என்பவை குறித்து 19ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் அறிவியல் விவாதம். எரிமலை, கடல், காடு, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவை வாயுவின் மூலங்களாக ஆராயப்பட்டன. வெப்பநிலை மாற்றத்துக்கு வாயு அல்ல, சூரியனே காரணம் என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது. சூரியன் பற்றிய ஆய்வில் திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு.

சூரியப் புள்ளிக் கொள்கை

1876–78இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அறிஞர்களை உலுக்கியது. 1877இல் வில்லியம் ஹண்டர், சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறையும்போது மழையும் குறைகிறது என்றார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அதை ஆதரித்தார். சூரியனைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அதன் பயனாக, திண்டுக்கல் மாவட்டத்தில், தாடிக்கொம்புச் சமவெளிக்குத் தென்மேற்கே உயரும் பழனி மலையில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்தது. மிக்கி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை இங்கேதான் கண்டறிந்தார்.

1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் புள்ளிகளுடன் தொடர்பு இல்லை எனக் கணக்கிட்டுக் காட்டினார். 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஆற்றல் சுமார் 0.1 விழுக்காடே மாறுகிறது என்பது பின்னாளில் செயற்கைக்கோள் அளவீடுகளால் தெரிந்தது. அண்மைக்கால வெப்ப உயர்வை அது விளக்காது.

வாயுக் கொள்கை

1859இல் ஜான் டிண்டல், கரியமில வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்தார். 1896இல் ஸ்வாந்தே அரேனியஸ், வாயு இரட்டித்தால் வெப்பம் 5 முதல் 6 பாகை செல்சியஸ் உயரும் என்றார். 1938இல் கை காலண்டர், நிலக்கரிப் புகையால் வெப்பம் ஏற்கெனவே உயர்ந்துவருவதாக எழுதினார். மிகுதியைக் கடல் விழுங்கிவிடும் என்பதே அன்று பலரது மறுப்பு.

மூலத்தை அறியும் முறை

கார்பன் ஐசோடோப்புகளே (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகள்) இதில் முடிவான சான்று. விறகிலும் சாணத்திலும் இருப்பது அண்மையில் காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கார்பன். அதில் கார்பன்-14 உண்டு. நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது சிதைந்து மறைந்துவிட்டது. 1955இல் ஹான்ஸ் சூஸ், காற்றின் கார்பன்-14 விகிதம் குறைந்திருப்பதை மரவளையங்களில் கண்டார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லை. ஆயினும் அதில் கார்பன்-13 விகிதம் கூடுதல். காற்றிலோ அந்த விகிதமும் குறைந்துவருகிறது. கார்பன்-14 இல்லாத, கார்பன்-13 குறைந்த, தாவர வழி வந்த எரிபொருளே இதற்குப் பொருந்தும். எரிமலைகளின் பங்கு மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒன்றுக்கும் கீழ். சுண்ணாம்புக்கல் வேறு வகை: திண்டுக்கல் மாவட்டத்தின் கரிக்காலி போன்ற இடங்களின் சிமெண்ட் ஆலைகளில், எரிபொருள் புகையோடு, சுடப்படும் கல்லே கரியமில வாயுவை வெளியிடுகிறது.

இன்றைய நிலை

1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது; வாயு இரட்டித்தால் வெப்பம் 2.5 முதல் 4 பாகை வரை உயரக்கூடும் என்பது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு (ஐ.பி.சி.சி.) 2021இல் வெளியிட்ட மதிப்பீடு.