விற்காத காணிக்கும் விலை தெரிய வேண்டும்

தன்னாமுனையில் வாவிப்பக்கம் இருக்கும் ஒரு வளவால் மூன்று சகோதரங்கள் இப்போது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அக்கா அந்த வளவிலேயே குடியிருக்கிறார். தம்பிமார் இருவரும் கனடாவில். தாய் இறந்தபின், "காணியின் பெறுமதியை ஒருக்கா முறையாகப் பார்ப்போம்" என்று அக்கா சொன்னார். "ஏன், அக்கா விக்கப் போறாவா?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது. அவருக்கு விற்கும் எண்ணமே இல்லை.

காணி விடயங்களை எழுதத் தொடங்கிய பிறகு இந்தச் சந்தேகத்தைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். மதிப்பீடு என்றால் விற்பனை என்றே நினைக்கிறோம். உண்மையில் காணியை விற்காமல் வைத்திருக்க விரும்புகிறவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

முதலில் சட்டம். யாழ்ப்பாணத்தின் தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. இங்கே முன்பு வழக்கில் இருந்த முக்குவர் சட்டத்தின் இடத்தை 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. இறுதி விருப்ப ஆவணம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி துணைக்கும், மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். ஆண், பெண் வேறுபாடு இல்லை.

ஆனால் வழக்கம் வேறு. வீடும் வளவும் மகளுக்குச் சீதனம் என்பது இந்தப் பக்கத்தில் ஊறிப்போன ஒன்று. நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி முடித்த வீடுகளும் உண்டு, வாய்ச்சொல்லோடு நின்றவையும் உண்டு. உறுதி முடிக்காவிட்டால் காணி இன்னும் தாயின் பெயரில்தான் இருக்கும். உறுதி முடித்திருந்தாலும் கணக்கு அதோடு முடிவதில்லை. திருமணத்தின்போது அல்லது வாழ்க்கையில் நிலைநிறுத்துவதற்காகப் பெற்றோர் ஒரு பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்ததை, முதுசம் பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கவேண்டும் என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் அதிலிருந்து விலக்களித்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் தேவையில்லை. அக்காவின் சீதனத்தைத் தம்பிமார் எண்ணினால், அவர்களை வெளிநாடு அனுப்ப அம்மா விற்ற வயலையும் எண்ணுங்கள் என்று அக்கா வாதிட இடமுண்டு. பெறுமதி தெரியாமல் இரண்டையும் எப்படி எண்ணுவது?

அடுத்தது திகதி. முதுசத்தின் மொத்தப் பெறுமதி 40 இலட்சம் ரூபாவை எட்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வைக்கவேண்டும். முன்பு இந்த எல்லை 5 இலட்சமாக இருந்தது. அந்த வழக்கில் கொடுக்கும் சொத்து விபரப் பட்டியலுக்கு இறந்த நாளின் பெறுமதி வேண்டும். ஆனால் ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கும்போது இன்றைய பெறுமதிதான் பேச்சு. ஒரே அறிக்கையில் இரண்டு திகதிக்கும் கேட்டு வாங்கலாம். பெற்றவர் 1990 இல் இறந்திருந்தாலும் அக்காலத்து உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் பார்த்துப் பின்னோக்கி மதிப்பிட முடியும். முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது ஊரறிந்த பழக்கம் என்பதால், அந்தத் தொகைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

மண்ணையும் கட்டடத்தையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். எங்கள் ஊர்களில் இதுதான் மிக முக்கியம். தாயின் காணியில் நிற்கும் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவோடு மகள் தன் நகையையும் போட்டுக் கட்டியதாக இருக்கலாம். இப்படி வைத்துக்கொள்வோம்: எல்லாம் சேர்த்து 51 இலட்சம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 17. அதில் அக்கா கட்டிய வீடு 15 இலட்சம் என்றால் பிரிபடவேண்டியது மண்ணின் 36 இலட்சம் மட்டுமே. அப்போது ஒரு தம்பியின் பங்கு 12 இலட்சம். அக்கா ஒவ்வொரு தம்பிக்கும் கொடுக்கவேண்டியதில் 5 இலட்சம் குறைகிறது.

இந்தத் தொகைகளைத் தரகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது மதிப்பீடு ஆகாது. நில அளவையாளர் எல்லையையும் பரப்பையும் சொல்வார்; விலை சொல்வது மதிப்பீட்டாளரின் வேலை. 1975 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கை மதிப்பீட்டாளர் நிறுவகத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். திருகோணமலை வீதி முகப்புக் காணியும் வாவிக்கரைக் காணியும் ஒரே விலைக்குப் போகாது. வாவி ஒதுக்குக்குள் விழும் பேர்ச்சில் கட்டடம் எழுப்ப முடியாது என்பதையும் நல்ல மதிப்பீட்டாளர் அறிக்கையில் எழுதுவார்.

காசைச் செலவழிக்கவேண்டாத இடங்களும் உண்டு. அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அது பின்னுரித்தாளர் நியமனப்படி போகும், பிள்ளைகளுக்குள் பங்காகாது. நியமனம் இல்லாதபோது ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த விதியை 2022 இல் திருத்தியிருக்கிறார்கள். அங்கே முதலில் போகவேண்டியது பிரதேச செயலகத்துக்கு. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்த பிறகு மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் இருக்கும் காணி வேறு கதை. 2016 இல் வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழோடு குடும்பம் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். பங்கு பிரிக்க முடியாது. பங்கு பிரிப்பதற்காக மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வளவின் இன்றைய நிலையைப் படத்தோடு பதிந்த மதிப்பீடு ஒன்று கையில் இருந்தால், பிறகு யாராவது வேலியை நகர்த்தினாலும் காட்ட ஒரு ஆவணம் இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு விடயம். கனடாவில் வசித்த ஒருவர் இறந்தால், இங்கே இருக்கும் அவரது காணியையும் அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகக் கொண்டே அந்த நாட்டு வருமான வரி கணிக்கப்படும். இலங்கையிலும் 2018 ஏப்ரல் முதல் மூலதன ஈட்டு வரி மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. 2017 செப்டெம்பர் 30 இல் ஒருவர் கையில் இருந்த காணியை அவர் விற்றால், அந்த நாளின் சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. இலாபம் அதிலிருந்துதான் கணக்கிடப்படும்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் உறுதி, நில அளவைப் படம், மரணச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டு, வீடு கட்டிய செலவுத் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். அறிக்கையின் பிரதியை அன்றைக்கே எல்லாச் சகோதரங்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அற்றோணித் தத்துவத்திலோ உரிமை விடுவிப்பிலோ கையொப்பம் வைப்பது அவர்கள் அதை வாசித்த பிறகு.