ஊஞ்சல் பாட்டும் புதுவருஷக் கணக்கும்

போன வருஷம் ஜனவரி முதலாம் திகதி ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்தது இதுதான்: பன்னிரண்டு பாட்டு, ஆறு மேடை, ஒரு அல்பம், யூரியூப்பில் ஒரு லட்சம் பார்வை. டிசம்பர் கடைசியில் எடுத்துப் பார்த்தேன். மூன்று பாட்டு, இரண்டு மேடை. அல்பம் இல்லை. பார்வைக் கணக்கைப் பற்றிக் கதைக்காமல் விடுவம்.

"கிற்றாரை வித்துப்போட்டு ஒரு வேலையைப் பார்" எண்டு வீட்டில் சொல்லுகினம். அவையளிலும் பிழையில்லை. பாட்டு எழுதிப் பாடுறது ஒரு தொழிலா எண்டு கேட்டால் என்னட்டப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கேக்க வேறொரு கேள்வி வந்தது. உடுப்பிட்டியில் இருந்து பாட்டு எழுதின முதல் ஆள் நான் இல்லையே. கொம்பனி இல்லாமல், ஸ்ரூடியோ இல்லாமல் எங்கட மண்ணில் எழுதினவையும் பாடினவையும் எத்தினையோ பேர். அவையள் ஒரு வருஷத்தை எதை வைத்து அளந்திருப்பினம்?

ஊரிலேயே தொடங்குவம். உடுப்பிட்டி சிவசம்புப் புலவர் 19ஆம் நூற்றாண்டுக்காரர். கோயில்கள் மீது பதிகம், அந்தாதி, ஊஞ்சல் என்று பாடினார். கடலுக்கு அங்கால் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மீதும் பிரபந்தம் பாடினார். விவேகானந்தர் 1893இல் சிக்காகோ போவதற்குத் துணைநின்ற அதே சேதுபதிதான். புலவர் என்றவுடன் பாடப்புத்தகத்துப் படம் ஒன்று எங்கட மனதில் வரும். கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் அவர் செய்தது இண்டைக்கு நாங்கள் செய்ய நினைக்கிற வேலைதான். பாட்டு எழுதுகிறது, அது பாடப்படுகிற இடத்தைத் தேடுகிறது, தாங்குகிற ஆட்களைத் தேடுகிறது.

இதில் ஊஞ்சல் என்ற வடிவத்தைக் கவனியுங்கோ. திருவிழாவில் சுவாமியை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது பாடுகிற பாட்டு அது. செய்யுளுக்குச் செய்யுள் "ஆடீர் ஊஞ்சல்" என்பது போல முடியும். யாழ்ப்பாணத்தில் சின்னச் சின்னக் கோயில்களுக்கும் தனித்தனி ஊஞ்சல் பாட்டு இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஊரையோ அயலூரையோ சேர்ந்த ஒரு புலவர் எழுதினது. இந்த வடிவத்துக்குள் ஒரு வருஷத் திட்டம் ஒளிந்திருக்கிறது. கொடியேற்ற நாள் முதலே தெரியும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். யார் பாடப்போகினம் என்றும் தெரியும். பாட்டு நல்லதா இல்லையா என்பதும் தானாகத் தெரிந்துவிடும். அடுத்த வருஷமும் அதே இடத்தில், அதே நாளில் அதைப் பாடுகினமா என்பதுதான் சோதனை. எழுதினவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சோதனை ஒவ்வொரு வருஷமும் நடக்கும்.

பாடி நடிக்கிறவர்களுக்கும் வருஷம் இப்படித்தான் அமைந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) இசை நாடகக் கலைஞர். வசந்த கான சபாவை நடத்தினவர். அவருடைய 'மயான காண்டம்' 3000 தடவைக்கு மேல் மேடையேறியது என்று சொல்லுவார்கள். ஆர்மோனியம், மிருதங்கத்தோடு இரவிரவாகப் பாடி நடிக்கிற கலை அது. மேடைகள் பெரும்பாலும் கோயில் திருவிழாக்களோடு வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிமேடை போடேலாது. ஆகவே எந்த மாதம் ஓட்டம், எந்த மாதம் ஓய்வு என்பதை ஊரின் பஞ்சாங்கமே சொல்லிவிடும். 3000 என்ற எண்ணை யாரும் ஜனவரி முதலாம் திகதி கொப்பியில் எழுதி அடையேலாது. அடுத்த இரவையும் அதற்கடுத்த இரவையும் ஒழுங்காகச் செய்தால் ஒரு வாழ்நாளில் சேருகிற எண் அது.

எண்ணை முன்னாலேயே வைத்து வேலை செய்தவர்களும் உண்டு. கர்நாடக இசையில் 72 மேளகர்த்தா இராகங்கள்: சுத்த மத்திமத்தில் 36, பிரதி மத்திமத்தில் 36. தமிழ்நாட்டில் கோடீசுவர ஐயர் இந்த 72இலும் முருகன் மேல் தமிழ்க் கீர்த்தனை செய்து 'கந்த கானாமுதம்' என்று நூலாக்கினார். எங்கட பக்கத்தில் இணுவில் வீரமணி ஐயரும் (1931–2003) 72 இராகங்களிலும் உருப்படிகள் இயற்றினார். ஆசிரியராக வேலை செய்துகொண்டே எழுதினவர். இந்த இலக்கின் அழகு என்னவென்றால், எத்தினை முடிந்தது, எத்தினை மிச்சம் என்று எந்த நேரமும் தெரியும். அதை அடைய இன்னொருவர் மனம் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் வீரமணி ஐயரின் ஆகப் பிரபலமான பாட்டு அந்த 72இன் கணக்கில் வந்ததல்ல. மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது அவர் எழுதிய 'கற்பகவல்லி' பாட்டு, டி. எம். சௌந்தரராஜன் குரலில் தமிழ்நாடு முழுக்கப் போனது. இராகமாலிகை, இராகங்களின் பெயர்கள் வரிகளுக்குள்ளேயே கலந்திருக்கும். அதைப் பாடுகிற எத்தினையோ பேருக்கு எழுதினவர் இணுவிலார் என்று தெரியாது. பாட்டு எங்கே போகும், ஆர் பேரோடு போகும் என்பது எழுதுகிறவரின் கையில் இல்லை.

அதேபோல 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு, யாழ்ப்பாணப் பேச்சில் பகிடியாகப் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' எங்கட பொப் பாட்டுகளின் அடையாளமாகிவிட்டது. இண்டைக்கும் கலியாண வீட்டில் ஒருவர் தொடங்கினால் மற்றவை சேர்ந்து பாடுவினம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கோயில் பஞ்சாங்கம் எல்லாருக்கும் திறந்த கதவாக இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. வாசலுக்குள் விடாத இடத்தில் ஆர் ஊஞ்சல் எழுதுறது, ஆர் பாடுறது? இண்டைக்கு ஒரு போனும் ஒரு மைக்கும் இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடலாம். அது பெரிய விடுதலை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த விடுதலையோடு ஒன்றைத் தொலைத்திருக்கிறம். எங்கட பாட்டுக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. எப்ப வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் வெளியிடாமலே இருக்கிறம். என் பழைய பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். ஒரு லட்சம் பார்வை என்பது என் இலக்கே இல்லை, அது ஏதோ ஒரு கொம்பனியின் கணக்கு. பன்னிரண்டு பாட்டு என் கையில் இருந்தது. ஆனால் எந்த நாளுக்கு, யார் பாட என்று எழுதவில்லை. அதனால்தான் மூன்றோடு நின்றது.

இன்னுமொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிறகு இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்த கொப்பிகளும் போயின. அச்சில் ஏறாத எத்தினை ஊஞ்சல் பாட்டுகள், எத்தினை நாடகப் பிரதிகள் அதோடு போயிருக்கும்! ஒருவரிடம் மட்டும் இருந்த பாட்டு அவரோடேயே போய்விடும். நாலு பேர் வாயில் இருந்த பாட்டு தப்பியிருக்கிறது.

அதனால் இந்த வருஷப் பட்டியலை வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். நாலு பாட்டு, நாலு நாள். தைப்பொங்கலுக்கு ஒன்று. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக் காலத்துக்கு ஒன்று. ஆவணியில் சந்நிதிக்கு நடந்து போகிற சனத்தைப் பற்றி ஒன்று. ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது பாடப் பழக்க வேண்டும். சொல்லையும் சுரத்தையும் எழுதி மூன்று பேரிடம் பிரதி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாலும் முடிந்தால் வருஷம் வெற்றியா என்று வீட்டில் கேட்டினம். இல்லை எண்டன். அடுத்த வருஷம் சனசமூக நிலைய விழாவில் நான் போகாமலேயே ஆராவது அந்தப் பாட்டைப் பாடினால்தான் வெற்றி. கிற்றார் இன்னும் ஒரு வருஷத்துக்கு மூலையில் இருக்கட்டும் எண்டு அம்மா சொல்லிப்போட்டா.