பிளவு: பெரம்பலூர், அரியலூர் நிலத்தை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. பொருளும் எல்லையும்

தமிழில் எழுதப்படும் அறிவியல் நூல்களில் ‘பிளவு’ பல வேலை செய்கிறது. கண்டம் விலகுவதும் பிளவு, கனிமம் தளமாக உடைவதும் பிளவு, பாக்டீரியா இரண்டாவதும் பிளவு, யுரேனியத்தின் கரு சிதறுவதும் பிளவு. பேச்சு வழக்கில் இந்த நெரிசல் இல்லை. பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிக்குப் பருத்தி ‘வெடிச்சிருக்கு’, விறகு மட்டும்தான் ‘பொளக்கும்’, கல் ‘உடையும்’, அண்ணன் தம்பி ‘பாகம் பிரிவார்கள்’. பேச்சு நுட்பமாகப் பிரித்து வைத்ததைக் கலைச்சொல் ஒன்றாகக் குவித்துவிட்டது.

இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிய வேறுபட்ட நிகழ்வுகளை வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் பெரும்பாலும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்திலிருந்தும் விளைச்சலிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரே நிலப்பகுதியில் ஏறக்குறைய எல்லா வகைப் பிளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ஆய்வுக்கு வசதி.

2. மூன்று அளவுகோல்கள்

பிளவை அளவு கொண்டு பெரிது, சிறிது என வகுப்பது வழக்கம். அது பயன் தருவதில்லை. இங்கே மூன்று கேள்விகள் கைக்கொள்ளப்படுகின்றன.

அ) தடம்: பிளக்கும் வழி பொருளுக்குள் முன்பே அமைந்திருக்கிறதா?
ஆ) இனம்: பிளந்தபின் கிடைப்பவை மூலப்பொருளின் இனமா, வேறா?
இ) மீட்சி: பிரிந்தவை மீண்டும் ஒன்றுசேர முடியுமா?

3. நிலவியல்

3.1 மேலோட்டுப் பிளவு

கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. சுமார் 15 கோடி முதல் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை விலகத் தொடங்கியபோது மேலோடு இழுபட்டு மெலிந்தது. சில பட்டைகள் கீழிறங்கின, சில மேட்டு வரப்புகளாக நின்றன. இப்படிப் பிறந்ததே காவிரிப் படுகை. அதன் வடமேற்குப் பள்ளம்தான் அரியலூர்–புதுச்சேரி உட்படுகை. பள்ளத்துக்குள் கடல் ஏறியது. படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன.

தடம் பற்றிய கேள்விக்கு இங்கே சுவையான விடை உண்டு. படுகையின் முக்கியப் பிளவுகள் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளும் அதே போக்குடையவை. இளம்பிளவு பழைய பலவீனத்தைப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இனத்தைப் பொறுத்தவரை, இரு கரையிலும் பழைய கண்டப்பாறையே; இடையில் பிறந்த கடல்தளம் மட்டும் புதியது.

3.2 பாறையின் வெடிப்பு

பெரம்பலூர் மாவட்டம் காரை ஊரை ஒட்டிய களிமண் மேடுகள், ஓடைகள் அரித்து ஓடிய வெற்றுப் பள்ளங்களாகக் கிடக்கின்றன. அந்தக் களிமண்ணைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்வது ஜிப்சம். வெடிப்பு முதலில் வந்தது. சல்பேட் கரைந்த நிலத்தடி நீர் பின்னர் அதற்குள் புகுந்து ஜிப்சமாகப் படிந்தது. எடுத்துப் பார்த்தால் நார்நாராக, வெயிலில் பளபளக்கும், நகத்தால் கீறலாம். இங்கே வெடிப்புக்கு உள்ளமைந்த தடம் கிடையாது. ஆனால் வெடித்த இடமே அடுத்து வரும் கனிமத்துக்குத் தடமாகிறது.

குன்னம் பகுதியில் 2020இல் குளம் தூர்வாரியபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரே பேசியது. அவை அம்மோனைட்டு போன்ற கடலுயிர் எச்சங்களைச் சுற்றி இறுகிய கற்கள் என நிலவியலாளர்கள் விளக்கினர். இவ்வகை உருண்டை, அடித்தால் பெரும்பாலும் உள்ளிருக்கும் ஓட்டின் மேற்பரப்பை ஒட்டியே பிரியும். ஓட்டுக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பு, கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பைவிடத் தளர்வு என்பதே காரணம்.

3.3 கனிமப் பிளவு

கனிமவியலில் பிளவு என்பது நிகழ்ச்சியைவிடப் பண்பையே குறிக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் தெளிந்த படிகம் ஒன்றைத் தட்டினால் மூன்று திசைகளில் வழவழப்பான தளங்களாக உடையும். ஒவ்வொரு துண்டும் சாய்ந்த கட்டம்; அதன் முகங்களுக்கு இடையிலான கோணங்கள் சுமார் 75, 105 பாகை. துண்டை மேலும் உடைத்தாலும் அதே சாய்ந்த கட்டம்தான், சிறிதாக. அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். அது ஒளியின் இரட்டை விலகல், பிளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

குவார்ட்சுக்கு இந்தப் பண்பு கிடையாது. உடைந்த பாட்டில் கண்ணாடிபோல் வளைந்து வளைந்து உடையும். இதற்கு ‘முறிவு’ என்பதே பொருத்தம். தடம் இருந்தால் பிளவு, இல்லையேல் முறிவு: கனிமவியல் இந்த வேறுபாட்டைக் கறாராகக் காக்கிறது.

4. மண்ணியல்

இப்பகுதியின் கரிசலில் நீரை உறிஞ்சி உப்பும் களிமம் மிகுதி. கோடையில் அது சுருங்கும்போது மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. மழை வந்ததும் உப்பி மூடிக்கொள்கிறது. தடம் இல்லை, இனம் மாறவில்லை, மீட்சி முழுமை. மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து அடியாழம் போவதால், ஆண்டுக்காண்டு மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது.

5. உயிரியல்

5.1 பருத்திக்காய்

முற்றிய காயின் தோல் உலர்ந்து, ஒவ்வோர் அறையின் நடுமுதுகிலும் விரிகிறது. உள்ளே மூன்று முதல் ஐந்து சுளைகள். விரியும் கோடு காய் வளரும்போதே திசுவில் அமைந்துவிட்ட தடம். ஆனால் கிடைப்பவை காய்கள் அல்ல: வெறும் ஓடும், பஞ்சும், விதையும். மீட்சிக்கு இடமில்லை. பேச்சு இதைப் ‘பிளவு’ என்று சொல்லாமல் ‘வெடிப்பு’ என்றது ஆராயத்தக்கது. பேச்சு தடத்தைப் பார்க்கவில்லை, உள்ளிருப்பது வெளிப்படுவதைப் பார்த்திருக்கிறது.

5.2 சின்ன வெங்காயம்

செட்டிகுளம் வட்டாரத்தில் பெருமளவு பயிராகும் சின்ன வெங்காயத்தில் ஒன்றை நட்டால், அது பக்க மொட்டுகளாகப் பிரிந்து கொத்தாக விளைகிறது. அதன் வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது பள்ளிச் செய்முறைகளில் ஒன்று. ஒரு செல்லில் 16 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன்பே ஒவ்வொன்றும் படியெடுக்கப்பட்டு இரட்டையாகி நிற்கும். பின் இரட்டைகள் விலகி இரு முனைகளுக்கும் 16 வீதம் போய்ச் சேரும். நடுவில் புதுச்சுவர் எழும்பும். ஒன்று குறைந்து பாதியாவதில்லை, இரண்டு முழுச் செல்கள் ஆகிறது. தடம் உண்டு, இனம் காக்கப்படுகிறது, மீட்சி இல்லை.

6. வேதியியல்

அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளின் சூளையில் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் பகுபடுகிறது. தூய கார்பனேட் 100 கிலோ என்றால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கியில் போகும். சிமென்ட் தொழில் வளிமண்டலத்தில் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள் இருந்தே வருகிறது என்பதற்கு இதுவே காரணம்.

கால்சைட்டைச் சுத்தியலால் அடித்தால் கால்சைட்டுதான் கிடைக்கும். சூளையில் இட்டால் அது இல்லாமலே போகிறது. ஆகவே இதற்குப் ‘பகுப்பு’ என்ற தனிச்சொல் தேவை. ஆனாலும் மீட்சி உண்டு. நீர்த்த சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கி மீண்டும் கார்பனேட்டாக இறுகும்.

7. அணு இயற்பியல்

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்டிராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தியபோது பேரியம் கிடைத்தது. கரு இரண்டாக உடைந்திருக்கிறது என்று விளக்கியவர்கள் லீசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும். பெயர் தேடிய ஃபிரிஷ், அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் ஆர்னால்டிடம் செல் இரண்டாவதை உயிரியலில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டார். இடை சிறுத்து இரண்டாகும் தோற்றம் ஒன்றுபோல் இருந்ததே காரணம்.

உள்ளடக்கம் ஒன்றல்ல. செல் பிளந்தால் செல்; யுரேனியம் பிளந்தால் யுரேனியம் இல்லை. துண்டுகள் பெரும்பாலும் சமமற்றவை. நிறையெண் ஒன்று 95ஐயும் மற்றது 140ஐயும் ஒட்டி வரும். எந்த இரு தனிமங்கள் என்பது பிளவுக்குப் பிளவு மாறும். கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையத்தின் உலைகளில் வெப்பம் தருவது இதுவே. தடம் இல்லை, இனம் இல்லை, மீட்சியும் இல்லை.

8. ஆட்சிப் பிரிவு: ஓர் எல்லை வழக்கு

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் பிரிந்து, 2002 மார்ச் 31 அன்று மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமானது. வட்ட எல்லைகள் தடம், இருபுறமும் மாவட்டமே, மீட்சி நடத்தியே காட்டப்பட்டது.

இந்த மாவட்டக் கோடும் நிலவியல் கோடும் ஒன்றல்ல. மேற்கே பழம்பாறை, கிழக்கே கடற்படிவு என்னும் எல்லை பெரம்பலூர் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், சுமார் 18 மீட்டர் நீளத்தது, இருப்பது பெரம்பலூரில். ‘தொல்லுயிர் என்றால் அரியலூர்’ என்று எழுதுபவர்கள் அரசாணையின் கோட்டை நிலத்தின் கோடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

9. முடிவுகள்

பெயரைத் தீர்மானிப்பவை தடமும் இனமும்; மீட்சி அதை மாற்றவில்லை. இனம் மாறும் இடத்தில் மட்டும், விளைவு எப்போதும் ஒன்றுதானா என்ற கேள்வியும் சேர்கிறது.

அ) தடமும் இனமும் உள்ளவை: கால்சைட், வெங்காயச் செல். இவற்றுக்கே ‘பிளவு’ முழுப் பொருத்தம். மேலோட்டுப் பிளவு பெரும்பகுதி இதில் அடங்கும்.

ஆ) தடமின்றி இனம் மட்டும் உள்ளவை: கரிசல், காரைக் களிமண், குவார்ட்சு. வெடிப்பு, முறிவு என்பன தகும்.

இ) இனம் மாறினும் எப்போதும் ஒரே விளைவு தருபவை: சுண்ணாம்புக்கல். ‘பகுப்பு’ தகும். பருத்திக்காயும் இங்கேயே வரும். ஆனால் ‘வெடிப்பு’ வழக்கில் வேரூன்றிவிட்டதால் மாற்ற வேண்டியதில்லை.

ஈ) இனமும் மாறி, விளைவும் பிளவுக்குப் பிளவு மாறுவது: அணுக்கரு. அளவுகோல்படி ‘பிளவு’ என்ற சொல்லுக்கு மிகத் தொலைவில் நிற்பது இதுதான். பொதுமக்கள் மனத்தில் அச்சொல்லோடு மிக நெருங்கி நிற்பதும் இதுதான்.

‘அணுக்கருப் பிளவு’ என்பதை இனி மாற்ற முடியாது, தேவையும் இல்லை. ஆனால் பாடநூல் அதைச் செல்பிரிவோடு ஒப்பிட்டு விளக்கும்போது, ஒப்புமை தோற்றத்தளவில் நின்றுவிடுகிறது என்ற ஒரு வரியையும் சேர்த்தாக வேண்டும். இல்லையெனில், பிளந்தபின் இரண்டு சிறு யுரேனியம் கிடைக்கும் என்றே மாணவர் புரிந்துகொள்வார்; ஒப்புமை காட்டும் வழி அதுதான்.