அணைக்கரையில் ஒரு வண்டிப் பாதை

அண்ணாகிராமம், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் கும்பகோணம் சந்தைக்குப் போக வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தாக வேண்டும். 2025இல் புதிய பாலம் திறக்கும் வரை, அங்கிருந்த குறுகிய பழைய பாலத்தின் முன் பஸ் காத்து நிற்கும். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடிந்த பிறகே இந்தப் பக்கத்துக்கு வழி கிடைத்தது.

இங்கிலாந்தின் கிராமங்களில் பொதிக்குதிரைகளுக்கென்று கட்டிய பழைய கல்பாலங்கள் உண்டு. ஒரு குதிரை போகும் அகலம். இருபுறமும் தொங்கும் மூட்டை இடிக்காதபடி தணிந்த கைப்பிடிச் சுவர். அவை பாலமாகவே பிறந்தவை. அணைக்கரைப் பாலம் அப்படியல்ல, தண்ணீருக்காகக் கட்டிய அணையின் முதுகில் ஏறிக்கொண்ட பாதை அது.

கதை முக்கொம்பில் தொடங்குகிறது. அங்கே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுவது. தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காவிரி மணல்மேடிட்டது, தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதோடு வேலை முடியவில்லை. கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி வயல்களுக்கு என்ன வழி? அதற்கு விடையாக அதே ஆண்டில் அணைக்கரையில் எழுந்ததுதான் கீழணை. அப்போது காட்டனுக்கு 33 வயது. அடியில் பாறை கிடையாது, வெறும் மணல். மணல் ஆற்றில் அணை நிற்கும் என்ற தைரியத்தைக் கல்லணையிடமிருந்து பெற்றதை அவரே ஒப்புக்கொண்டார். தென்னிந்தியப் பொறியியல் வரலாற்றில் இதைவிட நேர்மையான நன்றிக்கடன் இருக்குமா என்பது சந்தேகம்.

கீழணைத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி அது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து நெல்லுக்கு அதுவே ஆதாரம். 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும்.

அணைமேல் போன பாதையோ நெடுஞ்சாலையாகிவிட்டது. மாட்டுவண்டிக்குப் போதுமான அகலத்தில் லாரிகள் வந்தன. பாலம் தாங்காது என்று கனரக வாகனங்களைத் தடுக்க வேண்டி வந்தது. பயம் வீணல்ல. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. கீழணைக்கும் அதே வயதுதான்.

2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் நான்குவழிச் சாலை திறக்கப்பட்டது. அதில் கொள்ளிடத்தின் குறுக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் புதிய பாலமும் உண்டு. இனி லாரிச் சுமையைப் பழைய பாலத்தின்மேல் ஏற்ற எந்த நியாயமும் இல்லை. அதை உள்ளூர்க்காரர்களின் சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிடலாம்.