பர்மாவுக்குப் போன மேலாட்கள்

1852-ஆம் ஆண்டு யுத்தத்தில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்து, பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்த காலத்தில், ஐராவதி முகத்துவாரக் காடுகளை வெட்டிக் கழனியாக்கிய குடியானவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் முதலாளிகளில் பலர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்துகொள்ள, கடல் கடந்து கடையை நடத்தியவர் சம்பளத்துக்கு அமர்ந்த மேலாள் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

தவணை மூன்று ஆண்டு. சம்பளச்சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று வீட்டில் கொடுத்து, மனைவி மக்களை ஊரிலேயே விட்டுக் கப்பலேறிய அவர், தொழிலுக்குப் புதியவர் அல்லர். பெட்டியடிப் பையனாக நுழைந்து, கடை பெருக்கி, ஏவிய இடத்துக்கு ஓடி, காணி முக்காணி வாய்பாட்டை மனனம் செய்து, பேரேடு பழகி, அடுத்தாளாக உயர்ந்து, அதன் பிறகே மேலாளானவர். கடன் கேட்டு வந்தவனிடம் அவன் பாஷையிலேயே பேசி, வயலின் தரமும் அவனது நாணயமும் விசாரித்தறிந்து பணம் கொடுத்த அந்தச் சாமர்த்தியத்தை எந்தக் கலாசாலையும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

மாலையானால் வேறு உலகம். ரங்கூன் மொகல் தெருவில் பாயும் கைப்பெட்டியுமாகத் தரையில் அமர்ந்து கணக்கெழுதி, நம்மூர்ச் சமையற்காரர் ஆக்கியதை உண்டு, தண்டாயுதபாணி கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்து வாழ்ந்தார்கள். அந்தக் கட்டுப்பாடே அந்நிய தேசத்தில் அவர்களுக்குப் பலமாயிற்று; அதுவே அயலாரின் மனத்துக்கும் அவர்களுக்கும் இடையே சுவராகவும் நின்றது. பர்மியனின் பயிரை அறிந்த அளவு அவனுடைய மனக்கசப்பை அவர்கள் அறியவில்லை என்றே கருதுகிறேன்.

1930-இல் நெல்விலை வீழ்ந்தது. கடன் அடைபடாமல், பிரதானமான 13 நெல் ஜில்லாக்களில் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலம் சில ஆண்டுகளில் 25 சதவீதமாயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பியதில்லை, பணத்தையே விரும்பினார்கள் என்றாலும், பிதுரார்ஜித வயலை இழந்தவனுக்கு அந்தப் பேதம் எப்படித் தெரியும்? 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு. 1948-இல் நில தேசியமயச் சட்டம். மேலாளின் திறமையில் குறையில்லை; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றி, குடும்பத்தை வரவிடாமல் வைத்த ஏற்பாட்டில்தான் குறை இருந்தது.