பலிபீடத்திற்கு வந்த கொடி

மாம்பழக் காலம் என்று ஒன்று உண்டு. பலாவுக்கும் உண்டு. பன்னீர்த் திராட்சைக்கென ஒரு காலத்தை நாம் சொல்வதில்லை. பட்டுத்தறிகள் நிறைந்த நமது ஆரணிக் கடைத்தெருவில் அது மாமூலான பழம். எங்கிருந்து வருகிறது, யாருக்காக இந்நாட்டிற்கு வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே இதன் முதன்மையான விளைநிலம். ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடியை உறங்கவைக்கும் பனி இல்லை. எனவே பருவத்தை நிர்ணயிப்பது உழவரின் கத்தரிதான். மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் சித்திரையை ஒட்டிப் பழம். வைகாசி, ஆனியில் கவாத்து செய்தால் ஆவணியை ஒட்டி மறு அறுவடை. ஒருவர் தோட்டத்தில் கொத்து வெட்டும்போது அடுத்தவர் பந்தலில் அப்போதுதான் பூ விட்டிருக்கும். சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி, ஓடைப்பட்டிப் பக்கம் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலின் கீழ் அறுவடை நடப்பது இதனால்தான்.

ஆனால் இப்பழத்தின் தோல் மெல்லியது; நெடுநாள் தாங்காது. பழுத்தபின் காத்திருக்க முடியாத உழவர், வியாபாரி சொல்லும் விலைக்கு இறங்கியே ஆகவேண்டும். கூலிக்கு நெய்யும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இந்த நிலை புதிதன்று. நெய்த சேலையாவது அழுகாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மதுரைப் பகுதிக்கு இக்கொடியைக் கொணர்ந்தார் என்பது வேளாண் நூல்கள் தொடர்ந்து சொல்லிவரும் செய்தி. இதை அப்படியே ஏற்பதில் நமக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன.

பன்னீர்த் திராட்சை என்பது 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் வகை. இங்கிலாந்தின் கண்ணாடித் தோட்டங்களில் இது பெயர்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா', 'ஸ்கியாவா கிராசா' என்னும் இரு வகைகளின் கலப்பில் பிறந்தது என்று மரபணு ஆய்வும் காட்டிவிட்டது. அப்படியானால் 1832இல் வந்திறங்கியது வேறொரு திராட்சையாக இருக்கவேண்டும். இன்றைய பன்னீர் அதன்பின் வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆளைப் பற்றியது. மதுரை என்றதும் சேசு சபையினர் நினைவுக்கு வருவர். 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்ற அச்சபையினர் மதுரைக்குத் திரும்பியது 1838இல்தான். எனவே 1832 என்ற ஆண்டு சரியெனில், அப்பாதிரியாரைப் புதுச்சேரியை மையமாகக் கொண்டிருந்த பாரிஸ் வேதபோதக சபையைச் சார்ந்தவராகக் கொள்வதே பொருத்தம் என்பது நமது கருத்து.

ஒரு பாதிரியாருக்குத் திராட்சை எதற்கு? பூசைப்பலிக்குத்தான். கலப்படமற்ற, கெட்டுப்போகாத திராட்சை ரசமே பலிபீடத்தில் செல்லும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. பனங்கள்ளுக்கு அங்கே இடமில்லை. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வரும் ரசம் புளித்துக் காடியாகிவிடும் அபாயம் எப்போதும் இருந்தது. குச்சியை நட்டால் வேர்விடும் கொடியோ அந்தப் பயணத்தைத் தாங்கும்.

இதில் ஒரு சுவையான முரணும் உண்டு. தமிழகத்திற்குத் திராட்சை மது புதிதன்று. யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடியது புறநானூற்றின் 56ஆம் பாடல். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அன்று மது வந்தது. கொடி வந்ததற்கான தடயம் இல்லை. பிற்காலத்தில் கொடி வந்து வேரூன்றியது. மதுத் தொழில் வளரவில்லை.

காரணங்களுள் ஒன்று தட்பவெப்பம். பிழிந்த சாறு வெப்பத்தில் மிக விரைவாக நொதிக்கும். குளிர்ந்த நிலவறை இல்லாத சிறு குடும்பத்தால் அதைக் கட்டுப்படுத்த இயலாது. மற்றொன்று சட்டம். 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவி 1971 வரை நீடித்தது. நாசிக்கில் 1990களின் இறுதியில் ஒயின் தொழில் எழுந்தபோது, கம்பத்துப் பழம் கூடைகளிலும் பெட்டிகளிலும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னர் பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை ஒன்று தோன்றினாலும், பெரும்பகுதிப் பழம் இன்றும் உண்ணும் கனியாகவும் சாறாகவுமே செலவாகிறது.

2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. ஒயினுக்கு உகந்த பழம் என்பதும் அப்போது எடுத்துக்காட்டப்பட்ட சிறப்புகளுள் ஒன்று. ஆரணிப் பட்டு அக்குறியீட்டை முன்பே பெற்றுவிட்டது. அதனால் நெசவாளர் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று கம்பத்து உழவர் நம்மிடம் கேட்டால், தறிக்காரர் வீடு எதற்கேனும் அழைத்துச் சென்று அவர்கள் வாயாலேயே கேட்கச் சொல்லவேண்டியதுதான்.